பெட்டியை முதலில் வைத்தோம், வழியைப் பிறகு தேடினோம்: பழைய பேட்டரி சேகரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

212 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நடுநிலைப் பள்ளி. இந்த இரண்டு இடங்களிலும் பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் இயக்கம் ஒன்றைக் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஐந்து பேர் நடத்தினோம். நான் ஒருங்கிணைப்பாளர். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என் கணக்கில் சேரும்.

சங்கச் செயலாளர் வீட்டு மேசை இழுப்பறையில்தான் இது தொடங்கியது. டார்ச்சைத் தேடியவர் கையில் பதினேழு பேட்டரிகள் அகப்பட்டன. சிலவற்றின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. எது தீர்ந்தது, எது புதியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. குப்பையில் போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளக் காரணமும் இல்லை. கூட்டத்தில் அவர் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே இழுப்பறை இருந்தது.

குழுவில் இருந்தவர்கள்: செயலாளர், ஓய்வு பெற்ற மின்பணியாளர் ஒருவர், பள்ளியின் அறிவியல் ஆசிரியை, கல்லூரி மாணவி ஒருவர், நான். குடியிருப்பின் குப்பையை நாள்தோறும் தன் கையால் பிரிக்கும் துப்புரவுப் பணியாளரை நாங்கள் கூப்பிடவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

தொடக்க முடிவுகள்

நான்கு முடிவுகள் எடுத்தோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பீப்பாய் வைப்பது. கனமானது, யாரும் தூக்கிப் போக மாட்டார்கள், எல்லார் கண்ணிலும் படும் என்பது என் வாதம். பள்ளியில் வகுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டி. எந்த வகுப்பு அதிக எடை சேர்க்கிறதோ அதற்குப் பரிசு. எல்லா வகைப் பேட்டரியையும் வாங்கிக்கொள்வது, ஏனென்றால் "இது கூடும், இது கூடாது" என்று சொன்னால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று நினைத்தோம்.

மறுசுழற்சி நிலையம் ஒன்றின் தொலைபேசி எண் கையில் இருந்தது. அழைத்துப் பேசவில்லை. "நிறைய சேர்ந்த பிறகு பேசினால் மதிப்பு இருக்கும்" என்றேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

மின்பணியாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டலாமா?" தீர்ந்துபோன பேட்டரி என்ன செய்துவிடும் என்று நான் பதில் சொன்னேன்.

முதல் மூன்று வாரங்கள்

வரவு எதிர்பார்ப்பை மீறியது. முதல் வாரமே அட்டைப்பெட்டிகளின் அடி கிழிந்தது. சுவர்க் கடிகாரத்தில் போடும் ஒரு சாதாரண ஆல்கலைன் பேட்டரி சுமார் 23 கிராம்தான். ஆனால் நாற்பது பேர் ஆளுக்குப் பத்து போட்டால் ஒன்பது கிலோவைத் தாண்டிவிடும். அட்டை அதைத் தாங்காது.

வந்தவை: ரிமோட், டார்ச், பொம்மைப் பேட்டரிகள், கைப்பேசிப் பேட்டரிகள், பவர் பேங்குகள், மடிக்கணினிப் பேட்டரிகள், துளையிடும் கருவியின் பேட்டரி, புகை எச்சரிக்கைக் கருவியிலிருந்து 9 வோல்ட் சதுரப் பேட்டரிகள், காது கேட்கும் கருவியின் குட்டிப் பேட்டரிகள், பட்டன் பேட்டரிகள். யாரோ இரண்டு ஈய அமில இன்வெர்ட்டர் பேட்டரிகளைப் பீப்பாயின் பக்கத்தில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் மாலை அவற்றைக் காணவில்லை. பழைய இரும்பு வியாபாரியிடம் அதற்கு நல்ல விலை உண்டு என்பது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்தச் சம்பவத்தை நாங்கள் சிரித்துக் கடந்திருப்போம். ஆசிரியைதான் விடவில்லை. செனகல் நாட்டின் டக்கார் நகரையொட்டிய தியாரோயில், 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 குழந்தைகள் ஈய நச்சால் இறந்ததை எடுத்துச் சொன்னார். அங்கே பழைய வாகன பேட்டரிகளை வெட்டவெளியில் உடைத்து ஈயம் பிரித்தார்கள். மண்ணில் கலந்த ஈயத் தூசிதான் குழந்தைகளின் உடலுக்குள் போனது. எங்கள் இரண்டு பேட்டரிகள் எந்தக் கொல்லையில் உடைபட்டன என்று எங்களால் சொல்ல முடியாது. இயக்கம் நடத்தி நாங்கள் முதலில் சாதித்தது அதுதான்.

மூன்றாம் வாரம் வேறு ஒரு செய்தி வந்தது. பல வீடுகளில் கடிகாரம் நின்றது. ரிமோட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் நேரே என்னிடம் வந்து, "தம்பி, பேரன் என் கடிகாரத்துப் பேட்டரியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். போன வாரம்தான் மாற்றினேன்" என்றார். எடைக்குப் பரிசு என்று அறிவித்தால் குழந்தைகள் எடையைத்தான் தேடுவார்கள். பையன் மேல் குற்றமில்லை, அறிவித்தது நாங்கள்.

பீப்பாய் சூடான மாலை

நான்காம் வாரம் ஒரு மாலை காவலாளி அழைத்தார். "ஐயா, பீப்பாய் பக்கத்தில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. தொட்டால் ஒரு பக்கம் சூடாக இருக்கிறது."

நாங்கள் போனபோது புகை இல்லை. பீப்பாயின் இடப்பக்கம் மட்டும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கை வைக்க முடியாத சூடு. அப்போதுதான் அது நிற்கும் இடம் மனதில் உறைத்தது: மாடிப்படியின் அடி. தீப்பிடித்தால் 212 வீட்டாரும் இறங்கி வரவேண்டிய வழி.

மின்பணியாளர் படிக்கட்டுப் பக்கம் யாரையும் விடாமல் நிறுத்தினார். பீப்பாயில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்துத் திறந்தவெளிக்குக் கொண்டுபோனோம். ஒரு மணி நேரம் காத்திருந்து, நீளப் பிடி மண்வெட்டியால் மணல்மேல் கொட்டினோம். நல்லபடியாக முடிந்ததால் இது சரியான செயல் ஆகிவிடாது. முதலில் தீயணைப்புத் துறையை அழைத்திருக்க வேண்டும். உள்ளே லித்தியம் பேட்டரிகள் இருப்பது தெரிந்தும் இழுத்தது பெரும் துணிச்சல், நல்ல பொருளில் சொல்லவில்லை.

குவியலில் காரணம் கிடைத்தது. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் ஒன்றின் தலையை ஒன்று கவ்விக்கொண்டு நின்றன. அந்தப் பேட்டரியில் இரண்டு முனைகளும் ஒரே பக்கம், ஒன்று சிறியது, ஒன்று பூவிதழ் போல விரிந்தது. இரண்டு பேட்டரிகளை முகத்தோடு முகம் வைத்து அழுத்தினால் பொத்தான் போலக் கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையில் போய் அமர்ந்து மின்சுற்று மூடிக்கொள்ளும், நடுவில் தடுக்க எதுவும் கிடையாது. யாரோ ஒரு குழந்தை விளையாட்டாகப் பொருத்திப் போட்டிருக்கிறது. மேலுறை சுருங்கி, அச்செழுத்து கருகியிருந்தது. ஒட்டிக் கிடந்த நான்கு பேட்டரிகள் கசிந்திருந்தன. அவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, தலையணை போல உப்பிய கைப்பேசிப் பேட்டரி ஒன்று கிடந்தது.

உப்பல் என்பது உள்ளிருக்கும் மின்பகுதிரவம் சிதைந்து வாயு சேர்ந்ததன் அடையாளம். அத்தகைய பேட்டரிக்கு வெளிச்சூடு ஏறினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தன் சூட்டைத் தானே பெருக்கிக்கொள்ளும். அந்த ஒரு சாண் இடைவெளியைக் கொடுத்தது எங்கள் திட்டம் அல்ல.

தீர்ந்துபோன பேட்டரி என்ன செய்துவிடும் என்று நான் கேட்டதற்கும் அன்று பதில் கிடைத்தது. மின்பணியாளர் அந்தக் குவியலிலிருந்து கைக்கு வந்த இருபதை எடுத்து அளந்தார். "தீர்ந்த" பேட்டரிகளில் பல 1.2 வோல்ட்டுக்கு மேல் காட்டின. கருவிக்குப் போதாது என்பதும் மின்சாரமே இல்லை என்பதும் ஒன்றல்ல.

நிறுத்தம், வாசலில் மறுப்பு

அன்றிரவே சேகரிப்பை நிறுத்தினோம். சங்கக் கூட்டத்தில் இரண்டு கருத்துகள். ஒரு தரப்பு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் குப்பை வண்டியில் ஏற்றிவிடச் சொன்னது. இந்தக் கூட்டத்துக்குத்தான் துப்புரவுப் பணியாளரை முதன்முறையாக அழைத்திருந்தோம். அவர் சொன்னது விவாதத்தை முடித்துவைத்தது: "வண்டியில் குப்பையை அழுத்தும்போது எப்போதாவது உள்ளேயிருந்து புகை வரும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. இதுதானா அது?" இதுவாக இருக்கலாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் உள்ளே முனைகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கும்.

குப்பை வண்டி யோசனை கைவிடப்பட்டது. ஐந்தாம் வாரம் எல்லாவற்றையும் வாடகை வண்டியில் ஏற்றி மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மொத்தம் 86 கிலோ. வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கலந்து கிடக்கும் பேட்டரிகளை அவர்கள் வாங்குவதில்லை. வகைவாரியாகப் பிரித்து, லித்தியத்தின் முனைகளை மூடி, உப்பியவற்றைத் தனியாக முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. ஆல்கலைன் பேட்டரியை அரைத்து, எஃகைக் காந்தத்தால் பிரித்து, துத்தநாகத்தையும் மாங்கனீசையும் மீட்கிறார்கள். அந்த அரைவைக்குள் ஒரே ஒரு லித்தியம் பேட்டரி போனாலும் தீ. லித்தியம் அயனியிலிருந்து கிடைக்கும் கோபால்ட்டுக்கும் நிக்கலுக்கும் வழிமுறை முற்றிலும் வேறு. பழைய நிக்கல் காட்மியத்தில் இருக்கும் காட்மியம் நச்சு, அதைத் தனியாகத்தான் கையாள வேண்டும்.

பணத்தின் கணக்கும் அங்கேதான் புரிந்தது. ஈயத்துக்கு விலை கிடைக்கும், அதனால் அது யாரும் அழைக்காமலே நகரும். கோபால்ட் உள்ள பேட்டரிகளைப் பெரும்பாலும் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு குவியும் சாதாரண பேட்டரிக்கு, மீட்கும் உலோகத்தின் மதிப்பைவிடச் செலவு அதிகம், ஆகவே கொடுப்பவர்தான் கட்டணம் கட்ட வேண்டும். பேட்டரியை விற்றுச் சங்கத்துக்கு வருமானம் பார்க்கலாம் என்ற செயலாளரின் கனவு வாசலிலேயே முடிந்தது.

பிரிக்கும் வேலை

ஐந்து பேர், மூன்று சனிக்கிழமைகள், காலை முதல் மதியம் வரை. மரமேசை, கையுறை, கண்ணாடி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்.

வகை தெரிந்துகொள்ள மின்பணியாளர் கற்றுக்கொடுத்த வழி எளிது. பேட்டரியின் மேல் பொடியாக அச்சிட்டிருக்கும் குறியீட்டின் முதல் எழுத்தைப் பார்ப்பது. "எல்ஆர்" என்றால் ஆல்கலைன். "சிஆர்" லித்தியம். "எஸ்ஆர்" வெள்ளி ஆக்சைடு. "பிஆர்" காற்றை உள்ளிழுத்து இயங்கும் துத்தநாகப் பேட்டரி, காது கேட்கும் கருவிக்குரியது. முன்னால் எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் "ஆர்" என்றால் பழைய துத்தநாக கார்பன் வகை. எண்ணிலும் செய்தி உண்டு: சிஆர்2032 என்றால் விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. அரை மணி நேரத்தில் மாணவி எங்கள் எல்லாரையும்விட வேகமாகப் பிரிக்கத் தொடங்கினாள்.

பட்டன் பேட்டரிகளில் மட்டும் நேரம் போனது. எல்ஆர்44 ஆல்கலைன், 1.5 வோல்ட். அதே அளவில், அதே பளபளப்பில் எஸ்ஆர்44 வெள்ளி ஆக்சைடு. பூதக்கண்ணாடி இல்லாமல் வேறுபாடு தெரியாது. மிகப் பழையவற்றில் பாதரசமும் இருக்கலாம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசம் கலந்த பேட்டரி உற்பத்தியைச் சில விலக்குகளோடு 2020க்குள் நிறுத்தச் சொன்னது அது. இழுப்பறைகளில் கிடப்பவை அதற்கு முந்தியவை. எழுத்து அழிந்தவற்றை ஊகித்துப் போடாமல் "தெரியாதவை" என்று தனி டப்பாவில் வைத்தோம்.

பேட்டரி தீர்ந்ததா என்று பார்க்க ஆசிரியை ஒரு வேடிக்கை காட்டினார். ஆல்கலைன் பேட்டரியைச் செங்குத்தாகப் பிடித்து, நான்கு விரல் உயரத்திலிருந்து மேசைமேல் விட வேண்டும். புதியது "தொம்" என்று அப்படியே நிற்கப் பார்க்கும். பயன்படுத்தியது துள்ளி விழும். உள்ளே கூழாக இருந்த துத்தநாகம் ஆக்சைடாகி இறுகிவிடுவதால் வரும் துள்ளல் அது. பாதி தீர்ந்ததும் முழுக்கத் தீர்ந்ததும் ஒரே மாதிரித் துள்ளும் என்பதால் பிரிப்பதற்கு இதை நம்பவில்லை. ஆனால் பிறகு வகுப்பறையில் குழந்தைகளைக் கட்டிப்போட்டது இந்தத் துள்ளல்தான்.

மல்டிமீட்டரில் 1.3 வோல்ட்டுக்கு மேல் காட்டிய ஆல்கலைன்கள் 400க்கும் மேல். கேமராவுக்கும் பொம்மைக்கும் உதவாத பேட்டரி, மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் சுவர்க் கடிகாரத்தை இன்னும் பல மாதம் ஓட்டும். அவற்றைத் தனித் தட்டில் வைத்து, நின்றுபோன கடிகாரக்காரர்களை முதலில் கூப்பிட்டோம். மூன்றாம் மாடிப் பாட்டி இரண்டு எடுத்துக்கொண்டார். மறுசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகையும் சில டஜன் இருந்தன. அவை நல்ல நிலையிலேயே 1.2 வோல்ட்தான் காட்டும், அதைப் பார்த்துத் தீர்ந்தவை என்று ஒதுக்கப் போனோம். மின்பணியாளர் தடுத்தார். அவை சார்ஜருக்குத் திரும்பின.

கடைசிக் கணக்கு: உலர் பேட்டரிகள் 61 கிலோ (தட்டுக்குப் போனவையும் சேர்த்து), மடிக்கணினி மற்றும் கருவிப் பேட்டரிகள் 11, கைப்பேசிப் பேட்டரிகளும் பவர் பேங்குகளும் 9, பட்டன் வகை 700 கிராம். மீதி நான்கு கிலோ சொச்சம் பேட்டரியே அல்ல: சார்ஜர், பல்பு, ஒரு கதவுக் கைப்பிடி.

இரண்டு தவறுகள் இங்கும் நடந்தன. கசிந்த பேட்டரியைத் தொட்ட கையுறையோடு ஒருவர் கண்ணைத் தேய்த்துவிட்டார். புதிதாகக் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். குழாயடியில் இருபது நிமிடம் கண்ணைக் கழுவி, மருத்துவரிடம் அனுப்பினோம். பாதிப்பு இல்லை. மற்றது, முனைகளை மூட நாங்கள் பயன்படுத்திய கறுப்பு மின்காப்பு நாடா. பட்டன் பேட்டரிகளை அதில் முழுக்கச் சுற்றி அழகாக அடுக்கினோம். நிலையத்தில் ஒருவர் அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன வகை என்று எப்படிப் பார்ப்பது?" என்றார். 700 கிராமையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்து, கண்ணாடி போன்ற செலோ டேப்பில் மறுபடி ஒட்டினோம்.

இரண்டாம் சுற்று

இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஐந்து வாரம் நடத்தினோம். இம்முறை நிலையத்தோடு பேசி, அவர்கள் சொன்ன பிரிவுகளின்படியே பெட்டிகளை அமைத்தோம்.

தகரப் பீப்பாய் போனது. ஐந்து லிட்டர் தெளிவான பிளாஸ்டிக் ஜாடிகள் வந்தன. உள்ளே இருப்பது தெரியும், நிறைந்தால் உடனே எடுத்தாக வேண்டும், ஒன்றில் கோளாறு வந்தாலும் பாதிப்பு சிறியது. இடம் மாடிப்படியடி அல்ல, காவலாளி அறைக்கு வெளியே, கூரையிட்ட திறந்த திண்ணை. காகித நாடாவில் எழுதிய பெயர்கள்: "கடிகாரம், ரிமோட் வகை", "9 வோல்ட், முனையில் டேப் ஒட்டியது மட்டும்". கைப்பேசி, பவர் பேங்க், மடிக்கணினிப் பேட்டரிகளை யாரும் தாமாகப் போட முடியாது. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், குழுவில் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். உப்பியது என்றால் தொலைபேசியில் சொன்னால் போதும், மின்பணியாளர் உலர்ந்த மணல் நிறைந்த வாளியோடு போய் எடுத்து, மழை படாத வெளியிடத்தில் வைப்பார். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, "ஒருமுறை சார்ஜ் போட்டுப் பார்க்கிறேன்" என்று சோதிக்கவே கூடாது.

ஈய அமிலப் பேட்டரியை வாங்க மறுத்தோம். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம்.

பள்ளியில் எடைப் போட்டியை எடுத்துவிட்டோம். பட்டன் பேட்டரி எந்த மாணவர் கையிலும் வரக் கூடாது என்று ஆசிரியை கண்டிப்பாக இருந்தார், சரியாகவே. சிறு குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் வழியாக மின்சுற்று மூடி, எதிர்முனைப் பக்கம் காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். கருவிக்கு உதவாத "செத்த" பேட்டரிக்கும் அந்தச் சக்தி மிச்சம் உண்டு. 20 மி.மீ. அளவுதான் அதிகம் சிக்குவது. எனவே பெரியவர்கள் மட்டும், இரு பக்கமும் டேப் ஒட்டி, திருகு மூடி டப்பாவில்.

துப்புரவுப் பணியாளருக்குச் சங்கம் இந்த வேலைக்குத் தனி ஊதியம் நிர்ணயித்தது. ஜாடிகளை நாள்தோறும் பார்ப்பது அவர் பொறுப்பு. இரண்டாம் வாரமே ஒரு பவர் பேங்கைக் கடிகார ஜாடியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

விளைவு

இரண்டாம் சுற்றில் வந்தது 38 கிலோ. முதல் சுற்றில் பாதிகூட இல்லை. சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் இதைச் சரிவு என்றார். எங்கள் பார்வை வேறு. 38 கிலோவும் ஒரே நடையில், ஒரு பேட்டரிகூடத் திரும்பாமல் ஏற்கப்பட்டது. பிரிக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. எந்தக் கடிகாரமும் நிற்கவில்லை. நிலையத்தின் கட்டணத்தைச் சங்கப் பராமரிப்புச் செலவில் ஒரு வரியாகச் சேர்த்தோம், முணுமுணுப்போடு நிறைவேறியது.

மறுபடி தொடங்கினால்

முதல் வேலை, வாங்குபவருக்குத் தொலைபேசி. எந்த வகை, எந்த நிலையில், எவ்வளவு, யார் செலவில் என்று நான்கும் காகிதத்தில் வந்த பிறகே ஜாடி வாங்குவேன். முதல் சுற்றில் நாங்கள் பட்ட பாட்டில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓர் அழைப்பைத் தள்ளிப்போட்டதிலிருந்து வந்தவை.

முதல் கூட்டத்திலேயே துப்புரவுப் பணியாளர் இருப்பார். காவலாளிக்கு எழுத்தில் ஒரே குறிப்பு இருக்கும்: சூடு, வாடை, புகை எது தெரிந்தாலும் ஆட்களை விலக்கு, தீயணைப்புத் துறையை அழை, பிறகுதான் எங்களை.

சேகரிப்புக்கு முன்பே, ஒரு வாரம் வீடுகளில் "இன்னும் ஓடுமா" என்று மல்டிமீட்டரோடு பார்க்கும் முகாம் நடத்துவேன். முதல் சுற்றில் தட்டுக்குப் போன 400 பேட்டரிகள் பீப்பாய்க்கே வந்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. "தெரியாதவை" டப்பாவில் எழுத்து அழிந்த 63 பட்டன் பேட்டரிகள், செலோ டேப்பில் வரிசையாக ஒட்டியபடி, மின்பணியாளர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பூட்டியிருக்கின்றன. ஆய்வகச் சோதனை இல்லாமல் வாங்க மாட்டோம் என்று நிலையம் சொல்லிவிட்டது. அடுத்த சுற்று வரை அவை அங்கேதான்.